ஒதுக்கிவைத்த நட்சத்திரங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பேருந்தில், என் மடியில், காலையில் காய்ச்சல் கண்டிருந்த குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தாள். முன் இருக்கையில் கல்லூரிப் பையோடு இருந்த பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"வேத்தாளுன்னு நான் ஒதுக்கினதெல்லாம் நம்ம ஆளுகதான் மதினி."

"எந்த வீட்டுக்காரவுக?"

"நட்சத்திரம் மதினி. நம்ம பால்வீதி தோசைக்கல்லு மாதிரி தட்டையா சுத்துது. ஓரத்துல சிலது மட்டும் மேல ஏறி, கீழ எறங்கிப் போகுது. வேற கூட்டத்துலருந்து வந்து சேந்ததுன்னு நெனச்சு ஆராய்ச்சியில விட்டுட்டேன். அதுல என்னென்ன உலோகம் இருக்குன்னு நேத்துப் பாத்தா, எல்லாம் இதே தட்டுல பொறந்தது. எப்பவோ எதுவோ வந்து மோதி வெளிய தள்ளியிருக்கு."

"அடுத்த வாரம் தீசிஸ் குடுக்கணும்னியே. ஒங்க சாருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"அப்பப் பேசாம குடுத்துட்டு வா. யாரு மேல போயிப் பாக்கப்போறா?"

அந்தப் பெண் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு மதினியே கேட்டார்.

"திரும்பச் செய்ய எத்தன நாளாகும்?"

"ஆறு மாசம்."

"அதுவரைக்கும் ஒம்மகன நாந்தான் தூக்கிச் சுமக்கணும். இடுப்பு விட்டுப்போச்சு ஏத்தா."

"அதான் மதினி, ஒங்ககிட்டச் சொல்லவே பயமா இருந்துச்சு."

நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடுவதுபோலவும் இருந்தது, சுடாததுபோலவும் இருந்தது.

திருச்சுழியில் மதினி முதலில் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இந்தத் தடவையாச்சும் ஒண்ணு விடாம சேத்துரு. மறுபடி விட்டுப்போச்சுன்னு வந்து நின்ன, ஒம்மகன அந்த நட்சத்திரத்துக்கிட்டயே விட்டுட்டு வந்துருவேன்."