திருச்சி பஸ் வருகிற வரைக்கும்

மீனம்மாள்: …பொட்டியக் கீழ வைம்மா. என் ஆப்பக் கடைக்கு முன்னால இப்படித் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னா பஸ்ஸு சீக்கிரம் வந்துருமா?

செங்கமலம்: இருக்கட்டுங்கக்கா. மணி என்ன இருக்கும்?

மீனம்மாள்: இப்பத்தான கேட்ட. ஆறரைக்கு வரும். திருச்சிக்கா?

செங்கமலம்: இல்ல… விராலிமலைக்கு. ஒரு வேண்டுதல். அவுக அங்க நிக்கிறாக.

மீனம்மாள்: முருகனுக்குத் தகரப் பொட்டி காணிக்கையா?

செங்கமலம்: மாத்துச் சேலைக்கா, அவ்வளவுதான்.

மீனம்மாள்: உள்ள தட்டும் டம்ளரும் உருளுதே. சரி, நான் கேக்கல. ரோட்டையே ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற?

செங்கமலம்: எங்கண்ணன் வந்துருவாரு. கெணத்துல மாட்டக் கட்டிக் கமலை இறைச்சுக்கிட்டு இருந்தாரு, அந்த நேரம் பாத்துக் கெளம்பி வந்தேன். கண்டா இழுத்துக்கிட்டுப் போயிருவாரு.

மீனம்மாள்: வீட்டுக்காரரு விராலிமலையில நிக்கிறப்ப அண்ணன் எதுக்கு இழுக்கணும்?

செங்கமலம்: …திருச்சிக்குத்தான்க்கா. ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்குற நர்சுப் படிப்பு. கடுதாசி வந்துருக்கு. இன்னிக்குப் பதினோரு மணிக்குள்ள போயி நிக்கணும். இல்லாட்டி என் எடம் வேற ஆளுக்கு.

மீனம்மாள்: இத மறைக்கத்தான் முருகனக் கூப்புட்டியாக்கும். தனியா பஸ்ஸுல போயிருக்கியா?

செங்கமலம்: மாட்டு வண்டியிலயே தனியாப் போனதில்ல. பொம்பள ஒத்தையில பஸ் ஏறுனா எங்க ஊரே நின்னு பாக்கும்.

மீனம்மாள்: மகராசா ஆட்சி போயே பத்து வருசமாச்சு, இன்னும் நின்னு பாக்குறாகளா. நான் மாசம் ஒருக்கா திருச்சி மார்க்கெட்டுக்கு ஒத்தையாத்தான் போறேன். என்னைய யாரும் தின்னுப்புடல.

செங்கமலம்: ஒங்கள யாரு தின்பா… வாயப் பாத்தே ஓடிருவான்.

மீனம்மாள்: இந்தா, பேச்சு வருதுல்ல. பஸ்ஸுலயும் அத வச்சுக்க. ஏறுனதும் கைப்புள்ளக்காரி எவ இருக்கான்னு பாரு. அவ பக்கத்துல ஒக்காந்து புள்ளைய மடியில வாங்கிக்க. மடியில புள்ள இருக்கவகிட்ட எவனும் வாலாட்ட மாட்டான்.

செங்கமலம்: புள்ள அழுதுச்சுன்னா?

மீனம்மாள்: நர்சுக்குப் படிக்கப் போறவ கேக்குற கேள்வியா இது?

செங்கமலம்: …சரிக்கா.

மீனம்மாள்: எறங்குனதும் வழி கேக்கணும்ல. சும்மா நிக்கிறவனக் கேக்காத. பூ விக்கிறவ, காய் விக்கிறவளக் கேளு. அவ கடைய விட்டுட்டு ஒம் பின்னால வரப்போறதில்ல. ரெண்டு பேரும் ஒரே பக்கம் கையக் காட்டுனா நட.

செங்கமலம்: கூட்டத்துல எவனாச்சும் ஒரசுனா?

மீனம்மாள்: "அண்ணே, கால் நிக்க மாட்டேங்குதா, ஒக்காருறீங்களா"ன்னு பஸ்ஸுக்கே கேக்குற மாதிரி கேளு. அதுக்கும் அசையலன்னா… இந்தா, ஊக்கு. கையிலேயே வச்சுக்க.

செங்கமலம்: சிரிப்பு வருதுக்கா.

மீனம்மாள்: எனக்கும் மொத நாளு அழுகைதான் வந்துச்சு. இந்தத் தண்ணியக் குடி. வழியில ஒதுங்க எடமிருக்காதுன்னு நாக்கு வறள வறளப் போயி மயங்கி விழுந்தவளுகளப் பாத்துருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் படிக்கப் போறியா, படுக்கப் போறியா?

செங்கமலம்: போதுங்கக்கா, குடிச்சுட்டேன்.

மீனம்மாள்: அது என்ன, கழுத்துல மஞ்சக் கறை… கயிறு நேத்துக் கட்டுனதா? நீ சொல்ல வேணாம்.

செங்கமலம்: மூணு வருசமாச்சுக்கா. வாந்திபேதியில அவுக போயிட்டாக. காலையில மாந்தோப்புக்குள்ள நின்னு நானே கட்டிக்கிட்டேன். ஒத்தையாப் போறவளுக்கு இது காவல்னு… தப்பா?

மீனம்மாள்: தப்பு ரைட்டெல்லாம் எனக்குத் தெரியாது. அங்க எழுதிப் போட்ட காகிதத்துல என்னன்னு எழுதுன?

செங்கமலம்: புருசன் இல்லாதவன்னு.

மீனம்மாள்: இப்ப கயித்தோட போயி நின்னா? காகிதம் ஒண்ணு சொல்லும், கழுத்து ஒண்ணு சொல்லும். பொய் சொல்லி எடம் புடிச்சவன்னு வாசலோட அனுப்பிருவாக.

செங்கமலம்: அய்யோ… நான் அத நெனைக்கவே இல்லையே.

மீனம்மாள்: வழியிலயும்தான். புருசன் எந்த ஊரு, என்ன சோலின்னு ஒவ்வொருத்தனா கேப்பான். நீ விராலிமலைக்கே அந்தத் தடுமாறு தடுமாறுற.

செங்கமலம்: அன்னிக்கு நாலு பேரு சுத்தி ஒக்காந்து கழட்டுனாக. மறுபடியும் ஒருக்காவா…

மீனம்மாள்: அன்னிக்கு அவுக கழட்டுனாக. இன்னிக்கு நீ அவுக்குற. அடுப்புக்குப் பின்னால போ, நான் மறைச்சு நிக்கிறேன்.

செங்கமலம்: முடிச்சு இறுகிக் கெடக்குக்கா… இருங்க.

மீனம்மாள்: ஆச்சா?

செங்கமலம்: ம்… கண்டக்டரு மொத டிக்கெட்ட எனக்குக் குடுக்க யோசிப்பாருல்ல. காலங்காத்தால வெறுங்கழுத்துன்னு.

மீனம்மாள்: யோசிச்சா யோசிக்கட்டும். பஸ்ஸு ஓடுறது டீசல்ல, ஒங் கழுத்துல இல்ல. அந்தா, ஆரன் அடிக்கிறான். கெளம்பு.

செங்கமலம்: அக்கா, கை நடுங்குது. இன்னிக்கு வேணாம்… அண்ணங்கிட்டப் பேசிட்டு, அடுத்த தடவ பாத்துக்கிறேனே.

மீனம்மாள்: அடுத்த தடவ அந்த எடம் இருக்குமா?

செங்கமலம்: …இருக்காது.

மீனம்மாள்: பொறகென்ன, நடுங்கிக்கிட்டே ஏறு. நடுக்கத்துக்குத் தனியா டிக்கெட் கேக்க மாட்டாக. பொட்டியக் குடு. கண்டக்டரே, ஆளு இருக்கு… காலப் பாத்து வையி, செங்கமலம்.

செங்கமலம்: எம் பேரு… நான் ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையேக்கா?

மீனம்மாள்: ஒங்கண்ணன் ரெங்கசாமி நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரு தாயி. கடுதாசியப் பாத்துட்டாராம். "செங்கமலம்னு ஒண்ணு பொட்டியோட வரும், நான் வாரவரைக்கும் பேச்சுக் குடுத்து நிறுத்தி வையி"ன்னாரு. திருச்சி பஸ்ஸு எட்டு மணிக்குன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். பேச்சும் குடுத்தாச்சு. உள்ள தள்ளி ஒக்காரு.