இரண்டாவது பிரேக்

அம்மா: கிளட்ச்ச விடுங்க. மெதுவா... இன்னும் மெதுவா... ம். போச்சு.

அப்பா: நின்னுடுச்சு.

அம்மா: அதுவா நிக்கல. நீங்க நிறுத்துனீங்க.

மகள்: இந்தத் தெருவுக்குள்ளயே இது எத்தனாவது தரம்பா?

அப்பா: பின் சீட்டுல இருக்கறவங்க பேசக்கூடாது.

மகள்: உசுரு என்னோடது. பேசத்தான் செய்வேன்.

அம்மா: சாவியத் திருப்புங்க. நியூட்ரல்ல போட்டீங்களா?

அப்பா: ...போட்டேன்.

அம்மா: இப்பத்தான் போட்டீங்க.

அப்பா: போட்டேனா இல்லையா?

அம்மா: இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான்தான் வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தேன். கட்டுனவரு இப்படி. வெளிய சொன்னா சிரிப்பாங்க.

அப்பா: அந்தப் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிடறது நான். கேட்டுப் பாரு, என் கை எப்படின்னு.

அம்மா: அதான் எனக்குப் புரியல. கழுத்துல கத்திய வெச்சா ஒரு கீறல் விழாது. ஸ்டியரிங்கத் தொட்டா மட்டும் ஏன் இந்த ஆட்டம்?

அப்பா: கழுத்து ஓடாதும்மா. வண்டி ஓடுது.

அம்மா: எங்க ஓடுது?

மகள்: அம்மா, உங்க டிரைவிங் ஸ்கூல் ஓனர் மறுபடி போன் பண்ணாரு. நீ குளிச்சிட்டு இருந்த.

அம்மா: என்ன சொன்ன?

மகள்: குளிக்கறாங்கன்னேன். திங்கக்கிழமை புது பேட்ச் வருதாம். நீ வர்றியா, வேற ஆளப் போடணுமான்னு இன்னிக்கே தெரியணுமாம்.

அப்பா: வர்றேன்னு சொல்லிடு.

அம்மா: ரோட்டப் பாருங்க... ஃபர்ஸ்ட் கியர். ம். விடுங்க... பரவால்ல. இப்பத்தான் வண்டி மாதிரி போகுது.

அப்பா: பேச்ச மாத்தாத. கேன்சர் சுத்தமா போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் என்ன?

அம்மா: அது போச்சு. அதுக்குக் குடுத்த மருந்து பாதத்துல உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. துணி சுத்துன மாதிரியே இருக்கு.

அப்பா: நரம்பு மெதுவாத்தான் சரியாகும்னாரே.

அம்மா: ஆகலாம்னாரு. ஆகும்னு சொல்லல. அடுத்தவங்க பிள்ளைய ஸ்டியரிங்ல உக்காரவெச்சிட்டு, என் பக்கம் இருக்கற ரெண்டாவது பிரேக் எங்கன்னு நான் குனிஞ்சு தேடவா?

அப்பா: அதுக்குத்தான நான் இருக்கேன். எம்மேல பழகிக்கோ. நான் இடிச்சாலும் கேக்க ஆளில்ல.

மகள்: நான் இருக்கேன்பா.

அப்பா: உனக்கு நாங்க வேற கார் வாங்கித் தர்றோம்.

அம்மா: ஓனர் நல்ல மனுசன். பழகிப் பாக்க ஸ்கூல் வண்டியவே சும்மா குடுத்திருக்காரு. அதுல ஒரு கீறல் விழுந்தா எம் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. வலது பக்கம் திரும்பணும். கைய இப்பவே ஏன் முறுக்கறீங்க? இன்னும் தெரு வரல.

அப்பா: தயாரா இருக்கேன்.

அம்மா: ஓட்டப்பந்தயமா இது?

மகள்: அம்மா, உன் முடி காத்துல ஆடுது. நல்லாருக்கு.

அம்மா: என்ன நல்லாருக்கு? பிறந்ததுல இருந்து நேரா இருந்த முடி. மருந்துல கொட்டிட்டு, இப்ப சுருட்டையா வந்து நிக்குது. சீப்பே இறங்க மாட்டேங்குது.

அப்பா: சுருட்டை வேணும்னு எத்தனை பேரு என் கடையில மணிக்கணக்கா உக்காந்திருக்காங்க தெரியுமா? உனக்கு இலவசமா வந்திருக்கு.

அம்மா: ரொம்ப இலவசம்.

அப்பா: இல்லம்மா, நான் சும்மா விளையாட்டுக்கு...

அம்மா: அத வெச்சு நான்தான் விளையாடலாம், நீங்க கூடாது. புரியுதா?

அப்பா: புரியுது டீச்சர்.

மகள்: டீச்சர், இவரு செகண்ட் கியர் போடவே இல்ல.

அம்மா: நீ என்ன கோள்மூட்டறதுக்குன்னே வந்தியா? பரீட்சைய வெச்சிக்கிட்டு புத்தகத்தத் தொடாம கார்ல உலா. வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு. எந்தப் பாடம் கேட்டாலும் நாளைக்கு நாளைக்குன்னு...

மகள்: அம்மா.

அப்பா: ...ஐயோ.

மகள்: நின்னுடுச்சு... நின்னுடுச்சும்மா. அந்தாளு மேல படல.

அம்மா: அவனப் பாரு. வேனுக்குப் பின்னாடி இருந்து போனப் பாத்துக்கிட்டே ரோட்டுல இறங்கறான். இப்பவும் போனத்தான் பாத்துக்கிட்டுப் போறான். நாம இருக்கறதே தெரியல அவனுக்கு.

அப்பா: போகட்டும். நீ தண்ணி குடி.

அம்மா: நல்ல வேளை, பிரேக்க மிதிச்சீங்க.

அப்பா: நான் மிதிக்கல.

அம்மா: விளையாடாதீங்க.

அப்பா: நான் அவனப் பாக்கவே இல்லம்மா. நான்... உன் காலப் பாத்துக்கிட்டிருந்தேன்.

அம்மா: ரோட்டப் பாக்காம?

அப்பா: பெடல் மேல இருக்கா, தேடுதான்னு... தப்புதான். திட்டு.

அம்மா: அப்ப வண்டிய நிறுத்துனது யாரு?

மகள்: நீதாம்மா. என்னத் திட்டிக்கிட்டே மிதிச்ச.

அம்மா: மிதிச்சதே தெரியலையே எனக்கு.

அப்பா: குனிஞ்சு பாத்தியா?

அம்மா: ...இல்ல.

அப்பா: தேடுனியா?

அம்மா: இருங்க. பேசாதீங்க ரெண்டு பேரும்... பிரேக்... விடறேன். மறுபடி பிரேக். ம்... இருக்கு. கனத்த துணிக்கு அந்தப் பக்கம் இருந்து தொடற மாதிரி. ஆனா இருக்கு.

மகள்: அழறியாம்மா?

அம்மா: ஓரமா நிறுத்தச் சொல்லு உங்கப்பாவ. நடுரோட்டுல நின்னுக்கிட்டு... அந்தப் போனக் குடு.

மகள்: யாருக்கு?

அம்மா: ஓனருக்கு... சார், நான்தான். ஆமா சார். திங்கக்கிழமை வர்றேன்... நல்லாருக்கு சார், இப்பத்தான் பாத்தேன்... முதல் வாரம் ஆபீஸ் மைதானத்துக்குள்ளயே சொல்லித் தர்றேன், அப்புறம் ரோட்டுக்குப் போறேன்... இல்ல இல்ல, கால்ல குறை இல்ல. ஸ்டூடண்ட்தான் மோசம். வெச்சிடறேன் சார்.

அப்பா: மோசமா?

அம்மா: பின்ன? ஆள் வர்றது தெரியாம பொண்டாட்டி காலப் பாத்துக்கிட்டு ஓட்டறவருக்கு என்ன பேரு?

மகள்: அப்பா, இப்பவாவது சொல்லிடுங்க.

அப்பா: நீ சும்மா இரு.

அம்மா: என்னது அது?

அப்பா: ஒண்ணுமில்ல... எனக்கு... வண்டி ஓட்டத் தெரியும்.

அம்மா: ம்.

அப்பா: லைசென்ஸ் இருக்கு. வைத்தியத்துக்கு நடுவுல நீ காய்ச்சல்ல கிடந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி போக டாக்ஸி ஒண்ணும் வரலல்ல? பக்கத்து வீட்டுக்காரரு கார் சாவிய என் கையில குடுத்தாரு. வாங்கிக்கிட்டு நின்னேன். ஓட்டத் தெரியல. மறுநாளே போய்ச் சேந்துட்டேன். மார்க்கெட் பக்கத்து ஸ்கூல்ல.

அம்மா: அங்கயா? அவன் இண்டிகேட்டர் போடவே சொல்லித் தர மாட்டானே.

அப்பா: உங்க ஸ்கூல்ல சேந்தா உனக்குத் தெரிஞ்சிடுமே. லைசென்ஸ் கைக்கு வந்தப்ப உன் வைத்தியமே முடிஞ்சிடுச்சு.

மகள்: காசெல்லாம் வீணாப் போச்சுன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னாரும்மா.

அப்பா: நான் தப்பு பண்ணாத்தான நீ பிரேக் மிதிப்ப? அதான்... கோவமா?

அம்மா: இல்ல. தெரியும்.

அப்பா: என்ன தெரியும்?

அம்மா: இத்தனை வருசத்துல எத்தனையோ பேரு என் பக்கத்துல உக்காந்து வண்டிய நிறுத்தியிருக்காங்க. நிறுத்தறதுக்கு முன்னாடி, பின்னால வண்டி வருதான்னு கண்ணாடியப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு நிறுத்துன ஒரே ஆளு நீங்கதான்.

அப்பா: ...எப்பக் கண்டுபிடிச்ச?

அம்மா: முதல் நாளே.

மகள்: அப்ப இத்தனை நாளா ஏம்மா இந்தத் திட்டு திட்டுன?

அம்மா: தெரியும்னு சொல்லியிருந்தா, தினம் சாயங்காலம் கடையச் சாத்திட்டு ஓடி வந்து என் பக்கத்துல உக்காந்திருப்பாராடி, உங்கப்பா?