முப்பது முட்டையும் முனை வீட்டுப் போர்டும்

...இல்ல தம்பி, ஏழு லெட்டர் எழுதினது நான். ரோட்டு ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போனது நான். கடைசியில நீங்க என்னடான்னா ஒரு ஏணியும் செடி வெட்டுற கத்திரியும் தூக்கிட்டு வந்து நிக்கறீங்க. புது போர்டு எங்க? வண்டியில இருக்கா? வண்டியிலயும் இல்லயா? அப்ப எதை மாட்டப் போறீங்க, கத்திரியையா?

அதுவும் என் வீட்டுக் காகிதப்பூ மேல ஏணியைச் சாய்க்கறீங்களே. நான் போர்டு கேட்டது அந்தப் பக்கத்துக்கு. தெளிவா எழுதியிருக்கேன், படம் வேற போட்டிருக்கேன். என்னது, ரெஜிஸ்டர்லயா? இந்த முனையில ஏற்கெனவே போர்டு இருக்குன்னா? நாலு வருஷமா இந்த வீட்டுல இருக்கறவ நான் சொல்றேன், இல்லன்னு. உங்க ரெஜிஸ்டர் வந்து இங்க குடியிருந்துச்சா?

சரி, ஏறுங்க. வெட்டித்தான் பாருங்களேன். ஏணியை நான் புடிச்சுக்கறேன். எனக்கு அறுபத்தெட்டு வயசு, ஆனா புடிச்ச புடியை விடமாட்டேன். அதான் உன் வியாதியேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். தம்பின்னு கூப்பிடறேனேன்னு நினைக்காதீங்க. உங்களுக்கும் காதோரம் நரைச்சிருக்கு, இருந்தாலும் எனக்குத் தம்பிதான். முள்ளு பாத்து, அது பொல்லாத முள்ளு.

மேல இருந்து அந்த நீலக் கதவு வீடு தெரியுதா? குறுக்குத் தெருவுல, மூணாவது. அதான் எங்க சம்பந்தி வீடு. என் பொண்ணை அங்கதான் குடுத்திருக்கு. கல்யாணத்தப்ப எல்லாரும் கண்ணு வச்சாங்க, உனக்கென்னம்மா, பொண்ணு கூப்பிடு தூரத்துலன்னு. கூப்பிடு தூரந்தான்... இப்ப கூப்பிடத்தான் வழியில்ல. பேத்தியைத் தூக்கி ஆறு வாரம் ஆச்சு.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலயா? பரவால்ல, சொல்றேன்.

நான் எங்க தெருவுலேர்ந்து காரை மெதுவா எடுத்துட்டு வர்றேன். அவர் குறுக்குத் தெருவுலேர்ந்து ஸ்கூட்டர்ல வர்றார். ஸ்கூட்டர்ல கால் வைக்கற எடத்துல ஒரு அட்டை முட்டை, முப்பது. டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கும் ஒண்ணும் இல்ல. முட்டைதான், முப்பதுல ஒண்ணு தேறல. மனுஷர் செருப்பு பூரா மஞ்சக்கரு. வழுக்கி விழாம இருக்க என் கார் கண்ணாடியையே புடிச்சுக்கிட்டு, "சம்பந்தியம்மா, வழி விட வேண்டியது நீங்க, உங்க பக்கம் போர்டு இருக்கு"ங்கறார்.

அந்த எடத்துல நான் என்ன பண்ணிருக்கணும்? அடி கிடி பட்டுச்சா சம்பந்தின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. காரை விட்டு இறங்கி, நடு ரோட்டுல நின்னு பாடம் ஒப்பிச்சேன். போர்டு இல்லாத முனையில வலது கைப் பக்கத்துலேர்ந்து வர்ற வண்டிக்கு வழி விடணும், நான் உங்களுக்கு வலது கைப் பக்கம், நீங்கதான் நின்னிருக்கணும்னு. முட்டை ஓடு மேல நின்னுக்கிட்டு அந்த மனுஷர் கேக்கறார், நான் ஒப்பிக்கறேன்.

அந்தப் பாடத்தை நான் லேசுல விடமுடியாது தம்பி. அறுபத்தாறு வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டவ நான். சொல்லிக் குடுத்தவர் தன் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருந்தார், பாவம், அதுல இருந்து காலை எடுத்ததே இல்ல. முதல் டெஸ்ட்ல வலது பக்கத்துலேர்ந்து ஒரு வண்டி வருதுன்னு நின்னேன். நிக்கறேன், நிக்கறேன், நாலு நிமிஷம் நிக்கறேன். டெஸ்ட் வைக்கறவர் மெதுவா சொல்றார், "அம்மா, அது நிறுத்தி வச்சிருக்கற வண்டி. உள்ள ஆளே இல்ல"ன்னு. ரெண்டாவது டெஸ்ட்ல எது வலது பக்கம்னு சந்தேகம் வந்துருச்சு. சாப்பிடற கையைத் தூக்கிப் பாத்தேன். தூக்கினது ஸ்டியரிங்லேர்ந்து. கார் நேரா ஒரு தையல் கடை வாசல்ல போய் நின்னுச்சு. கடைக்காரர் அளவெடுக்கற டேப்போட வெளிய வந்து, என்னம்மா தைக்கணும்ங்கறார். அப்புறம் மூணாவது தடவைதான் பாஸ். அப்பேர்ப்பட்டவகிட்ட வந்து வலது கைப் பக்கத்தைப் பத்தி ஒருத்தர் பேசலாமா?

சாட்சிக்கு எங்க வீட்டுக்காரர் பக்கத்து சீட்லதான் இருந்தார். சொல்லுங்கன்னேன். "நான் தூங்கிட்டேனே"ங்கறார். கண்ணு ரெண்டும் முழிச்சபடி தூங்கின ஒரே ஆளு அவர்தான். வீட்டுக்கு வந்து கேட்டா, அந்தப் பக்கம் சம்பந்தி, இந்தப் பக்கம் நீ, நான் தூங்காம என்ன பண்ணுவேன்ங்கறார். நாப்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் பண்ணின மனுஷர், அடுத்தவங்க நேரத்தை எல்லாம் சரி பண்ணினார்...

எங்க விட்டேன்? ஆங், சம்பந்தி. அவர் போர்டைப் பாத்திருக்கேன்னு சத்தியம் பண்றார். எப்பப் பாத்தீங்கன்னா, நீங்க இங்க குடிவர்றதுக்கு முன்னாடிங்கறார். இப்பக் காட்டுங்கன்னேன். அவரும் பாக்கறார், நானும் பாக்கறேன். பச்சை இலையும் பூவுந்தான் இருக்கு. மனுஷர் முகம் சுண்டிப்போச்சு. என் பேச்சுக்கு இவ்வளவுதானா மரியாதைன்னு ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டே போயிட்டார். அப்ப ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன் தம்பி. அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்கூட.

மறுநாளே உங்க ஆபீசுக்கு முதல் லெட்டர். குறுக்குத் தெருவுல, நீலக் கதவுக்கு நேரா, வழி விடுன்னு ஒரு பெரிய போர்டு வைக்கவும்னு. அவர் தினம் காபி குடிச்சுக்கிட்டே அதைப் பாக்கணும். அதான் ஆசை. சின்ன புத்திதான், ஒத்துக்கறேன்.

என் பொண்ணு ரெண்டு பேரையும் பாத்தா. ரெண்டும் ஒரே அச்சுன்னு நேத்து சொல்லிட்டா. "நாளன்னிக்குக் குழந்தைக்கு ஒரு வயசு முடியுது. ரெண்டு பேரும் பேசிட்டு வந்தா வாங்க. இல்லன்னா மாமாவும் மாடியிலேயே இருக்கட்டும், நீயும் உன் வீட்டுலேயே இரு"ன்னுட்டா. அந்த நாளன்னிக்கு, இன்னிக்கு வந்து நாளைக்கு ஆயிடுச்சு தம்பி. குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டா, தெரியுமா? நான் போன்ல பாத்தேன். இத்தனூண்டு கண்ணாடிக்குள்ள அவ நாலு அடி வைக்கறா, நான் இங்க சமையல்கட்டுல நின்னு கையை நீட்டறேன். போனைப் பாத்துக் கையை நீட்டறேன்...

நீங்க வெட்டுங்க. அந்தக் கம்பியை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க, கொடியே அதுலதான் நிக்குது. அது ஏதோ பழைய விளக்குக் கம்பி. குடிவந்த அந்த வாரமே பாத்தேன், சுவத்தை ஒட்டிச் சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. அடடா, பந்தல் போடற செலவு மிச்சம்னு அடியில செடியை வச்சு, நானே கயிறு போட்டுக் கட்டி ஏத்திவிட்டேன். மேல ஒரு சாம்பல் தகரம் இருந்துச்சு, என் தோட்டத்துலேர்ந்து பாத்தா வெறும் தகரம். அதையும் மூடிருச்சு. என்ன அழகாப் படர்ந்துச்சுங்கறீங்க. அப்பல்லாம் எனக்குக் கார் ஏது, ரோட்டுப் பக்கம் எதுக்குப் பாக்கப்போறேன்...

ஏன் நிறுத்திட்டீங்க?

சிவப்பா? பூ சிவப்புதானே தம்பி. பூ இல்லயா. தகரத்துலயா. அந்தப் பக்கத்துலயா.

முக்கோணம். தலைகீழா.

...எங்க தெருவைப் பாத்தா?

கொஞ்சம் இருங்க. ஏணியை விடல, புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். தலைகீழ் முக்கோணம்னா என்னன்னு எனக்குச் சொல்ல வேண்டாம், மூணு டெஸ்ட் குடுத்தவ. வழி விடுன்னு அர்த்தம். என்னைத்தான் சொல்லுது. நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருந்திருக்கு, நான்தான் வாயைக் கட்டி வச்சிருக்கேன். அதுக்குத் தினம் ரெண்டு வாளி தண்ணி வேற ஊத்தியிருக்கேன். ஒருத்தர் இருக்குன்னு சொல்றார், நான் என் கையால மூடி வச்சுட்டு, காட்டுங்கன்னு சவால் விட்டிருக்கேன்.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கொடியை அப்படியே திருப்பி இழுத்து விட்டுட்டு... ஒண்ணும் கிடைக்கலன்னு எழுதிக்கிட்டுப் போனா... அப்படிப் பாக்காதீங்க. சும்மா கேட்டேன். என் வாய் கேட்டுச்சு, நான் கேக்கல.

என்ன சத்தம்? நீலக் கதவா? வெளிய வர்றாரா? ஏணியைப் பாத்துட்டு வர்றார் போல. கையில என்ன, குழந்தையா? தூக்கிட்டு வரலயா? விரலைப் புடிச்சுக்கிட்டு... நடந்தா?

இறங்குங்க தம்பி, சீக்கிரம். கத்திரியை இங்க குடுங்க. மிச்சத்தை நான் வெட்டறேன். அறுபத்தெட்டுன்னா என்ன, ரெண்டு படி ஏறமாட்டேனா? நான் கட்டினது, நான்தான் வெட்டணும். அவர் வந்து பாக்கறப்ப கத்திரி என் கையில இருக்கணும், உங்க கையில இல்ல. கெட்டியாப் புடிச்சுக்குங்க. இந்தக் கிளை... இந்தா, இது... ம், இப்பத் தெரியுதா? முழுசாத் தெரியுதா?

எங்க வீட்டுக்காரர் உள்ள முழிச்சுக்கிட்டுத் தூங்குவார், போறப்ப ஒரு குரல் குடுங்க. கடைக்குப் போய் ஒரு அட்டை முட்டை வாங்கிட்டு வரச் சொன்னேன்னு சொல்லுங்க. நடந்தே போகச் சொல்லுங்க.

சம்பந்தி! சம்பந்தி, அங்கேயே நில்லுங்க, கீழ எல்லாம் முள்ளு, குழந்தை வெறுங்காலோட இருக்கா. நீங்க வராதீங்க. நான் வர்றேன்.