லாபிஸில் வாங்கிய மோரிஸ் மைனர்

மணி ஏழரை. லாபிஸைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. விளக்கு கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் செல்வாவின் மாமா சுகுமாறனுக்குப் போன வருஷம் நடந்தது. எப்படித் தெரியும் என்று குறுக்கே கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

சுகுமாறன் முப்பது வருஷம் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்து ஊரான தெப்ராவிலிருந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்த மனுஷன். ஒருநாள் எல்லைப் பாலத்து நெரிசலில் தொப்பலாக நனைந்து நின்றபோது பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு மோரிஸ் மைனர். உள்ளே ஒருவர் பெண்டாட்டியோடு சிரித்துப் பேசிக்கொண்டு... அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அதே மாதிரி ஒரு காரில் மனைவி தனலெட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்ட வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

வேலையை விட்ட பிறகுதான் கார் கிடைத்தது. லாபிஸில் காளியப்பன் என்பவருடையது. கார்ப் பத்திரத்தில் பெயரெல்லாம் மாற்றியாகிவிட்டது. "வந்து ஓட்டிட்டுப் போங்க லா" என்று முந்தின நாள்தான் போனில் சொன்னார். சுகுமாறன் ரயிலேறினார்.

வாசலில் காளியப்பனின் மனைவி ராஜம்மா மட்டும் இருந்தார். தரையெல்லாம் கழுவிவிட்ட ஈரம். சாம்பிராணி வாசம். "அவரு குடுக்கச் சொன்னாரு" என்று சாவியை நீட்டினார். சுகுமாறனுக்குக் காரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்ததும்... சந்தோஷம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. பழக்க தோஷத்தில் தலையை நீட்டி, "போயிட்டு வரேன்மா" என்றார்.

ராஜம்மா வெடுக்கென்று நிமிர்ந்தார்.

நேர்ச் சாலை. சுகுமாறன் எங்கேயும் திரும்பவில்லை. இருபது நிமிஷம் ஓட்டியிருப்பார். முன்விளக்கு வெளிச்சத்தில் ஒரு வீடு. வாசலில் ராஜம்மா.

வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை பத்து நிமிஷம்தான். அதே வீடு... இப்போதுதான் தரையில் கிடந்தது தெரிந்தது. மிதிபட்ட சாமந்தி. பச்சை மூங்கில் துண்டுகள். பாடை கட்டிய மிச்சம்.

சாவு வீட்டில் யாராவது "போயிட்டு வரேன்" என்பார்களா? நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்டுவோம். அவர் சொல்லிவிட்டார்.

மன்னிப்புக் கேட்க இறங்கினார். என்ஜினை அணைக்கவில்லை. போனும் சீட்டிலேயே கிடந்தது.

"தெரியாம சொல்லிட்டேன்மா..."

"மத்தியானம்தான் எடுத்தோம்" என்றார் ராஜம்மா. "போக மனசில்லாம இங்கயே சுத்திக்கிட்டிருந்தாரு. பரவால்ல. நீங்கதான் வந்துட்டீங்களே. இனி அவரு போலாம்."

முதுகுக்குப் பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம். டப்.

திரும்புவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. பின்விளக்கு இரண்டும் செம்பனை மரங்களுக்குள் போய் மறைந்தன. ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பயம்கூட வரவில்லை.

ராஜம்மா ஒரு போனைக் கையில் கொடுத்தார். காளியப்பனுடையது. சுகுமாறன் வீட்டுக்கு அடித்தார். அங்கிருந்து தெப்ராவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கார் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தனலெட்சுமிதான் எடுத்தாள்.

"நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"காளியப்பன் அண்ணனா? குரல்லயே தெரிஞ்சிடுச்சு. அவரு வந்து அரை மணி நேரமாச்சுண்ணே! ஏதோ சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தாராம். வெளிக்குழாயில தலைக்கு ஊத்திக்கிட்டிருக்காரு."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். முப்பது வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை.

"நாளைக்கு என்னையப் பக்கத்துல உட்கார வச்சு பொந்தியான் கடற்கரை வரைக்கும் ஓட்டுறாராம்ண்ணே."

போனில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. ஈரக் காலோடு யாரோ நடந்து வந்தார்கள்.

"யாரு போன்ல, தனம்?"

அது சுகுமாறனின் குரல்.