தமிழ்மொழியின் தோழி இனேஸ்

மகளுக்குக் கைபேசி வாங்கப் போனபோது கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டது, கீழே விழுந்தால் உடையாத நல்ல உறை இருக்கிறதா என்றுதான். பொருளானாலும் பிள்ளையானாலும் அடிபட்ட பிறகு வருந்துவது என் வழக்கமில்லை, அய்யா. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்மொழிக்குப் பதினைந்து வயது. பள்ளியில் பெற்றோரைக் கூட்டி வைத்து இணையத்தைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளைகள் யாரோடு பழகுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள், அவர்களுக்கு நண்பராக இருங்கள் என்றார்கள். மற்ற தகப்பன்மார் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் ஒருவன்தான் சொன்னபடி செய்தேன். அன்று மாலையே இனேஸ் என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். இனேஸுக்கும் பதினைந்து வயது. பூர்வீகம் காரைக்கால், குடும்பம் பாரிசில். நம் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டுக்குப் பிரான்சில் ஆள் உண்டு, யாருக்கும் சந்தேகம் வராது. அங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழ் தப்பும் தவறுமாகத்தான் வரும் என்பதால் என் எழுத்தும் காட்டிக்கொடுக்கவில்லை.

எட்டு மாதம் பேசினோம். என் முகம் பார்த்து எட்டு வார்த்தை பேசாத பிள்ளை இனேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்குத் தெரியாமல் அம்மா தன்னை நடன வகுப்புக்கு அனுப்புவதாக ஒருமுறை எழுதினாள். அன்று என் மனைவி மங்கையர்க்கரசி மேல் கை நீட்ட வேண்டியதாயிற்று. முன்பல் ஒன்று போனது. பிரதீபா என்ற பெண்ணோடு கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டதாக இன்னொரு நாள் எழுதினாள். தமிழ்மொழியின் வலது கட்டைவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன். கைபேசியைத் திறக்கும் விரல் அதுதான். மெதுவாகத்தான் சாத்தினேன், நகம் மட்டும்தான் பிய்ந்தது. எதைச் செய்தாலும் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது என்று இடது கையால் இனேஸுக்கு எழுதி அழுதாள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஆறுதல் சொன்னதும் நான்தான்.

மணி வித்தியாசத்தில்தான் இடறினேன். பிரான்சில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்களாம். அலுவலகமும் வயலுமாக அலைகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? கோடையில் யாரிடமோ கேட்டு, மூன்றரை மணி வித்தியாசம் என்று மனத்தில் வைத்திருந்தேன். நவம்பரில் ஒரு மாலை ஆறு மணிக்கு, இங்கே இரண்டரை ஆகிறது என்று இனேஸ் எழுதினாள். அப்போது தமிழ்மொழி தருமபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டு சவியே சாரிடம் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மகள் ஐரேன் பாரிசில் இருப்பதால் அந்த ஊர் மணி அவருக்கு மனப்பாடம். பிள்ளை ஆசையாகக் காட்டிய செய்தியை அவரும் படித்தார்.

ஞாயிறு மதியம் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, பாரிசுல அப்ப மணி ஒன்றரைதான். அந்தப் புள்ள அங்க இல்லீங்க. எவனோ ஒருத்தன் பொம்பளப் புள்ளயாட்டம் நம்ம பாப்பாகிட்ட நடிக்கிறான். அதுட்ட இன்னும் சொல்லல, பயந்துரும். பெத்தவரு ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும். நாளைக்கே போலீசுக்குப் போவோம் வாங்க."

நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போலீஸ்காரர்கள் நீங்கள் தோண்டினால் இனேஸ் போய்விடுவாள். அவள் போனால் என் பிள்ளையின் மனத்துக்குள் நுழைய எனக்கு வேறு வழி கிடையாது. வீட்டில் பேசினால் பாப்பா காதில் விழும் என்று சொல்லி அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பூவத்தில் இருக்கும் எங்கள் வயலுக்குப் போனேன்.

மோட்டார் கொட்டகையில் கடப்பாரை இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை அண்ணாந்து பார்த்து, "அது நீங்கதானா தம்பி?" என்று கேட்டார். பெரியவரிடம் பொய் சொல்லக்கூடாது, ஆமாம் என்றேன். அதன் பிறகு தலையில் நாலு அடி. மூன்றாவதிலேயே மண்டை உள்வாங்கிவிட்டது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்ததால் நாலாவது தேவைப்பட்டது. சேற்றில் கிடந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அவர் சட்டைப்பையிலேயே வைத்து, வாய்க்கால் கோரைக்குள் இழுத்துப் போட்டேன்.

மாலையில் தமிழ்மொழி இனேஸுக்கு எழுதினாள். சவியே சார் அப்பாவோடு போனதைப் பார்த்தாளாம், அவர் திரும்பவில்லையாம், அப்பா தன் சட்டையைத் தானே துவைக்கிறாராம், பயமாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லாதே, அப்பா எது செய்தாலும் உன் நன்மைக்குத்தான் என்று இனேஸ் பதில் போட்டாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் இனேஸின் பேச்சைக் கேட்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அதில் எனக்கு மனவருத்தம்தான்.

கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். இனேஸ் யார் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். என் கைபேசியை இரண்டே நிமிடம் கொடுங்கள். பிள்ளை மிரண்டு போயிருப்பாள். அவள் நம்பிப் பேசுவதற்கு இனேஸை விட்டால் இப்போது யாரும் இல்லை.