பழனியம்மாவின் ஊதா அடையாளம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சங்கச் செயலாளர் நோயல் அண்ணன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மறைந்த நம் சங்கத் தலைவியின் மகள் பாக்யலட்சுமி அக்கா அவர்களே, மருமகன் திலீப் அவர்களே, வாரமெல்லாம் விடியலில் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டு, ஓய்வுக்கென்று இருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையை இந்த மண்டபத்துக்குக் கொடுத்திருக்கும் நம் சாம்பியன் ரீப்ஸ் ஊர் மக்களே, உங்கள் துக்கத்தோடு என் துக்கத்தையும் சேர்த்து வணங்குகிறேன்.

நான் பரத். நம் பன்றி வளர்ப்போர் சங்கத்தில் தீவனப் பொறுப்பாளன். கால்நடைத் தீவனம் படித்தவன், பேச்சாளன் அல்ல. மைக்கைக் கொடுக்கும்போது நோயல் அண்ணன் என் காதில், "தம்பி, அஞ்சு நிமிஷம். நல்லதா நாலு வார்த்த பேசு. தீவனத்தப் பத்தி இஸ்துகினு போவாத" என்றார். மன்னிக்க வேண்டும் அண்ணா. நம் தலைவி பழனியம்மா அவர்களைப் பற்றிப் பேசிவிட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசாமல் இறங்குவது என்னால் ஆகாது.

சற்று முன் பாக்யலட்சுமி அக்கா படத்துக்கு மாலை போட்டார்கள். அவர்கள் வலது கை ஊதாவாக இருந்ததை முன்வரிசையில் பலர் பார்த்தீர்கள். "இன்னாடி இது கையில, சாவு வூட்ல சாயம் பூசிக்கினு" என்று ஒருவர் முணுமுணுத்தது மேடைவரை கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

யார் இந்தப் பழனியம்மா? தங்கச் சுரங்க வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடித்த தொழிலாளியின் மகள். கணவர் போனபிறகு வீட்டுக்குப் பின்னால் இரண்டு பன்றியோடு தொடங்கியவர். தனித்தனியாக ஏமாந்துகொண்டிருந்த நம்மையெல்லாம் ஒரு சங்கமாகக் கட்டியவர். ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனோம். உள்ளே இருந்தவர், "பன்னிக்காரங்க வெளிய நில்லுங்க" என்றார். தலைவி நகரவில்லை. "நின்னுக்கறோம் சார். போன மாசம் எலும்பில்லாத கறியா குடுங்கன்னு எங்க வாசல்ல வந்தீங்களே, அப்போ நாங்க உங்கள எங்க நிக்க வெச்சோம்?" மனு அன்றே வாங்கப்பட்டது.

நான் சங்கத்தில் சேர்ந்தபோது எல்லாக் கொட்டகையிலும் ஓட்டல் சோறு, கல்யாண மண்டபத்து மிச்சம். பன்றி பெருத்தது, உங்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்கு எரிச்சல். பெருப்பது வேறு, வளர்வது வேறு. குட்டிப் பருவத்தில் சதை பிடிக்கப் புரதம் வேண்டும். வெறும் சோறு தின்னும் குட்டி, சதை வைக்க வழியில்லாமல் தின்றதையெல்லாம் கொழுப்பாகக் கட்டி வைக்கும். நான் சொன்னபோது யார் கேட்டீர்கள்? லாய்ட் அங்கிள் சொன்னபோதுதான் உறைத்தது. வருஷா வருஷம் நம்மிடம் கிறிஸ்மஸ் கறி வாங்குபவர். ஒருமுறை துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "இன்னா பழனியம்மா, நான் கறி வாங்க வந்தேனா, சோப்பு வாங்க வந்தேனா?" என்றார்.

தலைவி என்னோடு வாதாடவில்லை. என்னை நம்பிவிடவும் இல்லை. ஒரே தாய் ஈன்ற குட்டிகளை இரண்டாகப் பிரித்தார். பாதிக்கு ஓட்டல் சோறு. பாதிக்கு என் கலவை: சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பூதிகோட்டை ராகி, தாது உப்பு. என் பக்கத்துக் குட்டிகள் முன்னதாகவே விற்கும் எடைக்கு வந்தன. சோற்றுக் குட்டிகளும் அதே எடைக்கு வரும்வரை காத்திருந்து, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றை உங்கள் கண் முன்னால் அறுத்து, விலாவைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் உள்ளங்கைத் தடிமனுக்குக் கொழுப்பு. இன்னொன்றில் இறுகிய சிவந்த சதை. "படிச்ச புள்ள சொல்லுதுன்னு கேக்காதீங்க. கண்ணு கீது இல்ல, பாருங்க" என்றார். அன்றோடு முடிந்தது ஓட்டல் சோற்று வாதம்.

அடுத்து வந்தது மீன்.

மற்ற ஊரில் இந்தத் தப்பு நடக்குமா தெரியாது. நமக்குக் கிறிஸ்மஸ்தான் அறுவடை. அதனால் நவம்பர் வந்தாலே எடையேற்றும் வெறி வந்துவிடும். பங்காருபேட்டை மீன் கடைகளில் தலையும் குடலும் டிரம் டிரம்மாகச் சும்மா கிடைக்கும். புரதம் நிறைந்தது, நீ சொன்னதைத்தானே நாங்களும் செய்கிறோம் என்று என்னையே மடக்கினீர்கள். தொட்டியில் கொட்டினீர்கள். பன்றிகள் எடை ஏறின. கிறிஸ்மஸ் மத்தியானம் லாய்ட் அங்கிள் வீட்டிலிருந்து போன்: "பழனியம்மா, நாங்க பன்னிக் கறிதானே வாங்கினோம்?"

தலைவி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். விருந்தாளிகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பழனியம்மா கை கழுவிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து, அதே குழம்பை ஊற்றி, ஒரு துண்டை முழுசாகத் தின்றார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. "மீனுதான் அங்கிள். தப்பு எங்களுது. பொங்கலுக்குள்ள மீனு துன்னாத பன்னிக் கறி உங்க வூட்டுக்கு வரும்." அப்புறம் அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எல்லா வீட்டிலும் உட்கார்ந்து தின்றார். இந்த ஊரில் எந்தத் தலைவர் தன் தப்பை வீடு வீடாகப் போய்த் தின்றிருக்கிறார்?

திரும்பி நடக்கையில் என்னைக் கேட்டார். "இன்னாப்பா பரத்து, மீனு துன்ற பன்னி மீனாவா ஆயிடும்?"

"பன்னி ஆகாதும்மா. அதோட கொழுப்பு ஆயிடும்."

"மாடு துன்னா?"

மாட்டின் வயிறு, தின்ற எண்ணெயை மாற்றிவிடும். பன்றியின் வயிறு மாற்றாது. தின்ற எண்ணெய் எப்படியோ அப்படியே போய்க் கொழுப்பில் படியும். மீன் எண்ணெய் படிந்த கொழுப்பு இறுகாமல் கொழகொழவென்று இருக்கும். அடுப்பில் சூடேறினால் வாடை கிளம்பும். கடைசி இரண்டு மாதமாவது மீனை நிறுத்தினால்தான் தப்பிக்கலாம். இதைச் சொன்னேன். தலைவி அதைச் சங்க விதியாக்கினார்.

விதி போடுவது சுலபம். காப்பாற்றியது யார்? அக்டோபரிலிருந்து தினம் காலையில் ஒவ்வொரு கொட்டகையாக நடந்தார். தொட்டியைக் குனிந்து முகர்ந்தார். மீன் வாடை வந்தால், காயத்துக்குப் போடும் ஊதா மருந்தைத் துணியில் நனைத்து அந்தக் கொட்டகைப் பன்றிகள் அத்தனையின் முதுகிலும் ஒரு கோடு. கோடு விழுந்த பன்றி இரண்டு மாதத்துக்குச் சங்கத்தின் பேரில் அறுபடாது. மருந்து ஒரு வாரத்தில் மங்கும். மங்கினால் மறுபடி போய்ப் போடுவார். என்ன திட்டு வாங்கினார் தெரியுமா? திட்டியவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். சொந்த அண்ணன் கொட்டகையிலும் போட்டார். "எங்கப்பா மணியடிச்ச ஆளு. ஒராளு கூடுதலா ஏறியிருந்தா மேனேஜரே நின்னாலும் கேஜுக்கு மணி அடிக்கமாட்டாரு. நான் மட்டும் எப்டி அடிப்பேன்?" என்று அண்ணனிடமே கேட்டார்.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். நோயல் அண்ணா, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

தலைவி சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவர்கள் வீட்டுப் பன்றிகளைத் திலீப் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். பகலெல்லாம் ஆஸ்பத்திரி. கலவை தீர்ந்துபோனது. ஒரு நண்பர் மீன் டிரம் கொண்டுவந்து இறக்கினார். அண்ணன் அதைப் போட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. பன்றிக்குப் பசித்தது, போட்டார். ஆனால் கொழுப்புக்குச் சூழ்நிலை தெரியாது.

வருகிற பதினாறாம் நாள் கறிச்சோறு. பெரியவர்கள் முடிவு செய்தார்கள்: "அவங்க கையால வளத்த பன்னி. அவங்க படையலுக்கே வெக்கணும். மிச்சம் கிறிஸ்மஸுக்குப் போவட்டும்." நல்ல மனசோடு சொன்னது. நான் மறுத்தேன். "செத்தவங்க பன்னிக்குக் கூடவா சட்டம் பேசுவ? உனக்கு ஈரமே இல்லியா?" என்று கேட்டார்கள். அதற்குள் வேறொருவர் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "தலைவி பன்னிக்கே வுட்டுட்டா, எங்களுக்கும் கொஞ்சம் பாத்து வுடுப்பா" என்றார். பார்த்தீர்களா? அவர் உடல் அடங்கி ஒரு வாரம் ஆகவில்லை. விதி அடங்கப் பார்க்கிறது. படையலில் ஒரு பன்றிக்கு விட்டால், இந்த டிசம்பரில் எந்தக் கொட்டகை வாசலில் போய் நான் நிற்க முடியும்? லாய்ட் அங்கிள் மேசையில் போய் இனி யார் உட்கார்ந்து தின்பது?

நேற்று காலை சண்டைக்குத் தயாராகத்தான் அந்த வீட்டுக்குப் போனேன். பாக்யலட்சுமி அக்கா நான் சொன்னதையெல்லாம் கேட்டார்கள். எழுந்து கொட்டகைக்குப் போய், தொட்டியில் குனிந்து முகர்ந்தார்கள். பிறகு கணவரைப் பார்த்து, "ஏங்க, அம்மாவோட ஊதா மருந்து பாட்டில் எங்க கீது?" என்றார்கள்.

திலீப் அண்ணன் எடுத்து வந்தார். அவரே ஒவ்வொரு பன்றியையும் பிடித்துக்கொண்டார். துணி தேட நேரமில்லை. அக்கா மருந்தைக் கையில் ஊற்றி, கையாலேயே கோடு போட்டார்கள்.

முன்வரிசையில் கேட்டவர்களே, அந்தக் கை இதுதான். சோப்புப் போட்டும் போகவில்லை. மாலை போட வரும்போது புடவைத் தலைப்பில் மறைக்கப் பார்த்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

படையலுக்குக் கறி நோயல் அண்ணன் கொட்டகையிலிருந்து வருகிறது. அந்தத் தொட்டியை நேற்று மாலை நானும் அக்காவும் முகர்ந்து பார்த்துவிட்டோம், அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சரி. தலைவியின் பன்றிகள் இந்தக் கிறிஸ்மஸுக்கு இல்லை. நாளைக் காலையிலிருந்து கொட்டகை கொட்டகையாக நாங்கள் இருவரும் வருவோம். அழுதாலும் வருவோம், திட்டினாலும் வருவோம்.

பழனியம்மா அவர்களே, உங்கள் பேரில் மண்டபம் கட்டுவோம், சிலை வைப்போம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அது அவர்கள் பாடு. என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அந்த மருந்து ஒரு வாரத்தில் மங்கும். மங்கியதும் மறுபடி போடுவோம். முதல் கோடு உங்கள் வீட்டில் விழுந்துவிட்டது.