நனியாரின் இரண்டெழுத்து

எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எதிரே கனத்த நெஞ்சோடு அமர்ந்திருக்கும் மின்சார அலுவலகத் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் டேபிள் டென்னிஸ் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, வாசற்படியில் படுத்து வழிமறித்துக்கொண்டிருக்கும் நாலுகால் உறவுகளே, வாயில்லா உயிர்கள் உரிமைக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இருபத்தேழு வருடப் பழக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது? அடங்காது. பொருளாளர் மணி அடித்தால் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். இதை ஒளிவுமறைவில்லாமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் இந்த இரங்கல் கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறார். நம் தலைவருக்கு நாமே கூடிக் கொடுத்த பட்டம் 'நனிசைவச் செம்மல்'. அதில் 'நனி'யை நீக்கிவிட்டு வெறும் 'சைவச் செம்மல்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்மானம். இரண்டெழுத்துதானே என்று கேட்கிறார். பாலே தொடாத தலைவர் ஆஸ்பத்திரியில் பால் டீ குடித்தார் என்று ஊரெல்லாம் பேச்சு. உங்கள் செல்போனிலும் அந்தச் செய்தி இருக்கும், சிரிக்கிற முகம் போட்டு. அதைப் பற்றி எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்வேன். அதற்கு முன்னால் அந்த மனிதர் யார் என்று சொல்லிக்கொள்ள என்னை அனுமதியுங்கள்.

நம் தலைவர் வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுத்தவர். அந்த வேலையில் அவரை நாய் கடித்தது பதினோரு தடவை. நானும் அதே அலுவலகத்தில்தான் இருந்தேன், பில் பிரிவில், மின்விசிறிக்கு அடியில். என்னை ஒரு கொசு கடித்தாலே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். அவரோ ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் காலை அதே தெருவுக்குப் போவார்.

பதினோராவது கடிதான் அவரை மாற்றியது. ஒரு வீட்டில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். குட்டியாக இருந்தபோது கட்டிய சங்கிலி. நாய் வளர்ந்துவிட்டது, சங்கிலி வளரவில்லை. கழுத்துச் சதைக்குள் இறங்கிவிட்டது. தலைவர் கையிலிருந்த கட்டிங் பிளேயரால் அரை மணி நேரம் போராடி அதை அறுத்து எடுத்தார். சங்கிலி அறுந்த உடனே நாய் அவர் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. அலுவலகத்துக்கு ரத்தத்தோடு வந்தவரிடம், "நன்றிகெட்ட ஜென்மம், அதுக்குப் போயி" என்று நான் திட்டினேன். அவர் சொன்னார், "எனக்கு வலிக்குது, ஊசி போட்டுக்கிட்டேன். அதுக்கு ரெண்டு வருஷமா வலிச்சிருக்கு, யாருய்யா ஊசி போட்டா?"

அன்றைக்குத் தொடங்கியது. முதலில் கறியை விட்டார். பிறகு முட்டை. பிறகு பால், தயிர், நெய், தேன். அண்ணி அப்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, இந்த மனுஷன் ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே வர்றாரு. அடுத்தது நான்தான்னு நினைக்கிறேன்."

பிறகு தோலை விட்டார். செருப்பு ரப்பருக்கு மாறியது, அதில் சிக்கல் இல்லை. பெல்ட்தான் பிரச்சினை. அலுவலகத்தில் தூக்கிப் போட்ட பழைய வயரை முறுக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். புதிதாக வந்த மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "அலுவலகச் சொத்து உங்க இடுப்புல என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டார். தலைவர் அங்கேயே வயரை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, "ரசீது குடுத்துடுங்க சார்" என்றார். அன்று சாயந்திரம் வரை ஒரு கையால் பேண்ட்டையும் ஒரு கையால் குறிப்பேட்டையும் பிடித்துக்கொண்டு அறுபது வீட்டுக்குப் போய் வந்தார். கொள்கைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. மானத்தையே பணயம் வைத்தவர் நம் தலைவர் ஒருவர்தான்.

கழகம் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. உறுப்பினர் எண்ணிக்கை ஏழு. அதில் ஒருவர் நாம் தினமும் காலையில் நடப்பதைப் பார்த்து நடைப்பயிற்சிக் குழு என்று நினைத்துச் சேர்ந்தவர். பிறகு உண்மை தெரிந்தும் விலகவில்லை, சர்க்கரை குறைந்துவிட்டது என்று இருந்துவிட்டார்.

நம் முதல் போராட்டத்தை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியுமா? பாலும் வேண்டாம் என்கிற சைவத்துக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தலைவர் ஒற்றைக் காலில் நின்றார். நனி என்றால் மிகவும் என்று பொருள், ஆகவே நனிசைவம். பேனர் அச்சடிக்கக் கொடுத்தோம். கடைக்காரர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து நல்ல மனதோடு திருத்திவிட்டார். விடிந்ததும் நாங்கள் கறிக்கடை வாசலில் பேனரை விரித்தால், ஆளுயர எழுத்தில் 'இனி சைவம்' என்று இருக்கிறது.

கடை மூடப் போகிறது, இனிமேல் இங்கே சைவம்தான் என்று தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடைசிக் கறி வாங்கிவிட வேண்டும் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஜனம் ஓடி வந்தது. ஒன்பது மணிக்குள் கடையில் ஒரு துண்டு மிச்சமில்லை. இதோ மேடையில் இருக்கிறாரே கறிக்கடைக்காரர், அன்று எங்கள் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாராவாரம் வாங்க சார்" என்றார். தலைவர் அந்தக் கையை வீட்டுக்குப் போய் மூன்று தடவை கழுவினார். அன்றிலிருந்துதான் ஊர் அவரை நனியார் என்று கூப்பிட ஆரம்பித்தது. கேலியாகத்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அதே கடைக்காரரிடம் பின்னால் அவர் எலும்பு கேட்டுப் போய் நின்ற கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெருநாய்களுக்குத் தினமும் காலையில் இரண்டு வாளி காய்கறிச் சோறு தூக்கிப் போய் ஆறு மாதம் போட்டுப் பார்த்தோம். அவை கேரட்டை மட்டும் ஒழுங்காக ஒதுக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்க்கும். கடைசியில் தலைவர் கறிக்கடைக்குப் போனார். கடைக்காரர் விடுவாரா? "ஏன் சார், கடையை மூடுன்னு கோஷமும் போடறீங்க, எலும்பும் கேக்கறீங்களா?" என்றார். தலைவர் சொன்னார், "மூடற வரைக்கும் குடுங்க. மூடினதுக்கப்புறம் சத்தியமா கேக்க மாட்டேன்." ஏழு வருடமாக அந்த எலும்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

போன வருடம் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்க வேண்டும், கூடாது என்று செய்திகளில் ஒரே சண்டை. உள்ளூர்த் தொலைக்காட்சியில் நம் தலைவரையும் கூப்பிட்டார்கள். நாய் மனிதர்களைக் கடிக்கிறதே, உங்கள் பதில் என்ன என்று கேட்டார்கள். குழந்தைகளைக் கடிப்பதைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசவில்லை, ஊசி போட வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் நாயைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். "என்னைப் பதினோரு தடவை கடிச்சிருக்கு. பதினோரு தடவையும் நான்தான் அது வீட்டுக்குப் போனேன். எந்த நாயும் என் வீட்டுக்கு வந்து கடிக்கல." உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

பொருளாளர் மணியை எடுத்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. நான் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைச் சொல்லப் பயந்துதான்.

தலைவர் இறப்பதற்கு மூன்று நாளைக்கு முன்பு, ஆஸ்பத்திரியில், இரண்டாவது மாடியில், நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். நான்கு மணி. பொருளாளரும் நம் உறுப்பினர்கள் மூன்று பேரும் ஆப்பிளோடு உள்ளே வந்தார்கள். பொருளாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர், மூடி திறக்காத பாட்டிலையே முகர்ந்து பெயர் சொல்லிவிடுவார். கட்டிலை ஒட்டிய மேசைமேல் ஒரு காகிதக் கோப்பை. அதில் பால் டீ, ஆவி பறந்துகொண்டு. "இது யாரோடது?" என்றார்.

அறையில் என்னைத் தவிர யார் இருந்தது? எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். திரும்ப மூடிக்கொண்டேன். அப்போது தலைவர், தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த மனிதர், மூக்கிலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்திவிட்டு, "என்னுது" என்றார்.

"தலைவரே" என்றார் பொருளாளர். "ஆசையா இருந்துச்சு" என்றார் தலைவர். பொருளாளருக்கு அந்த அதிர்ச்சியிலும் தொழில் புத்தி போகவில்லை. "சர்க்கரை போட்டதா, போடாததா?" என்று கேட்டார். ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த டீ என்னுடையது.

ஆம், இந்தக் கழகத்தின் செயலாளருடையது. ஒன்பது வருடமாகப் பால் ஒழிப்புத் துண்டறிக்கைகளை எழுதியவன் நான். ஒன்பது வருடமாக மாலை நான்கு மணிக்கு அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற கடையில், லாரி மறைவில் நின்று பால் டீ குடித்தவனும் நான்தான். துண்டறிக்கையில் பாதியை அங்கே நின்றுதான் எழுதினேன். வேர்க்கடலைப் பாலில் டீ போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன். அவருக்கு மூச்சு வாங்கியது. விட்டு விட்டுத்தான் பேசினார். "மொத்தமே ஏழு பேரு. நான் போயிடுவேன், ஆறு. உன்னையும் துரத்திட்டா அஞ்சு. காலையில ரெண்டு வாளியை யாருய்யா தூக்கறது?" என்றார். "உங்க பேரு கெட்டுப் போயிடுமே" என்றேன். "எம்பேரை வெச்சுக்கிட்டு நாய் என்ன பண்ணப் போகுது? அதுக்குச் சோறு வேணும்" என்றார்.

மறுநாளே நான் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலைவர் பதவிக்கு என் பெயர்தான் அடிபடுகிறது என்று எனக்குத் தெரியும். பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பதினாறு நாளில் செய்தி உங்கள் செல்போனிலிருந்து அண்ணியின் செல்போனுக்குப் போய்விட்டது.

நேற்று நான் வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, அவருக்கு டீ வேணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் கேலி பண்ணுவேன்னு பயந்துட்டாரா? நாப்பது வருஷம் கூட இருந்தவகிட்ட இதை மறைக்கற மாதிரி நான் என்ன பண்ணிட்டேன்?" என்று கேட்டார். நான் அப்போதும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இரவெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆகவே பொருளாளர் அவர்களே, தீர்மானத்தைத் திருத்துங்கள். நீக்க வேண்டியது 'நனி'யை அல்ல, செயலாளரை. தலைவர் பதவிக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள். பாலை விட்டுப் பதினாறு நாள் ஆகிறது, நடுவில் மூன்றாம் நாள் ஒருமுறை தவறினேன், அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயுளுக்கும் தவறமாட்டேன் என்று சபதம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாளை காலை ஆறு மணிக்கு வாளியோடு வருவேன். உறுப்பினராக வரச் சொன்னாலும் வருவேன், கூலிக்காரனாக வரச் சொன்னாலும் வருவேன். அவர் விட்டுச் சென்ற வேலை என் கை ஓயும்வரை நடக்கும். அந்தச் செய்தியைச் சிரிக்கிற முகம் போட்டு அனுப்பிய நண்பர்கள் இதையும் அனுப்புங்கள், என் பெயரையும் புகைப்படத்தையும் போட்டே அனுப்புங்கள்.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். அண்ணி ஏதோ கேட்கிறார். ஒலிபெருக்கி வேண்டாம், எனக்குக் கேட்கிறது.

"அப்போ அவருக்கு அந்த ஆசை இல்லவே இல்லையா தம்பி?" என்று கேட்கிறார்.

இல்லை அண்ணி. இருந்திருந்தால் உங்களிடம்தான் கேட்டிருப்பார். வணக்கம்.